கழுத்தில் சுரந்த சோகம்

“மனசு எப்படிம்மா இருக்கு? சோகமா இருக்கா?”

இதைக் கேட்டபோது டாக்டர் பிலோமினாவின் இரண்டு விரல்கள் என் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தன. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் மாடியறை. பச்சைத் திரை, கை கழுவும் திரவத்தின் நெடி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகும் மின்விசிறி. அருகில் அம்மா. அவர் மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் எனக்காக வாங்கிய, தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி.

அந்தக் கேள்விக்காக நான் பல ஆண்டுகள் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இலக்கிய மாணவியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. வேலை கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். ஆகவே சொற்களைத் தேர்ந்தெடுத்து விடையளித்தேன்.

“சோகம் என்று சொல்லிவிட முடியாது, டாக்டர். காரணத்தைச் சுட்ட இயலாத ஓர் இரங்கல். மாலை வேளைகளில் சற்றுக் கூடும்.”

அவர் கணினியில் ஏதோ தட்டினார். மிகக் குறுகிய தட்டல்.

“என்ன எழுதினீர்கள்?” என்று கேட்டேன்.

“ஆமான்னு எழுதினேன்,” என்றவர் அதே மூச்சில், “மலம் ஒழுங்கா போவுதா?” என்றார்.

இரங்கலும் மலச்சிக்கலும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்காரக்கூடியவை என்பதை என் பாடத்திட்டம் எனக்குக் கற்பித்திருக்கவில்லை. அம்மா குறுக்கிட்டார்.

“எங்க டாக்டர் போவுது? உள்ள போனா ஒரு பொஸ்தகத்த முடிச்சிட்டுத்தான் வெளிய வருது.”

டாக்டர் அதையும் தட்டினார். அது சற்று நீண்ட தட்டலாக இருந்தது.

கைதட்டல் பெற்ற கல்

அந்த அறைக்கு நான் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வேடு நெய்தல் திணையின் இரங்கல் பற்றியது. கடற்கரையில் காத்திருப்பவளின் துயரம். நான் பிறந்து வளர்ந்ததோ செமோருக்கு அருகில், கடலின் வாசனைகூட எட்டாத ஒரு தாமானில், வரிசைவீட்டுக் குடியிருப்பில். கடலை லூமுட்டுக்குப் போன பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அன்றும் பேருந்தில் வாந்தியெடுத்ததால் பாதி நேரம் நிழலில் படுத்திருந்தேன். இந்தத் தகுதியோடுதான் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க எழுந்தேன்.

மூன்றாம் பக்கத்தில், தலைவி அலைகளைப் பார்த்துப் புலம்பும் இடத்தில், என் இடது விலாவின் கீழ் யாரோ கத்தியைச் செருகித் திருகினார்கள். குரல் உடைந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண்ணீர் தாளின் மேல் சொட்டியது. முன்வரிசையில் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மண்டியிட்டபோது கைதட்டல் எழுந்தது.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். அது சிறுநீரகக் கல்லுக்கு உரியது.

அவசரப் பிரிவில் வலிக்கு ஊசி போட்டார்கள்; இரத்தம் எடுத்தார்கள். என் வயதுப் பெண்ணுக்குக் கல் ஏன் என்று ஐயப்பட்ட இளம் மருத்துவர் ஒருவர் கால்சியத்தையும் சோதித்தார். அது இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. அடுத்த சோதனையில் கழுத்துச் சுரப்பியொன்றின் ஹார்மோனும் கூடியிருந்தது. இப்படித்தான் நான் டாக்டர் பிலோமினாவின் விரல்களுக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் தெலுக் இந்தான்காரர். கழுத்தை மட்டுமே அறுப்பவர். கை துடைக்கும் தாள் ஒன்றை உருவி அதில் ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தார்.

“இது தைராய்டு. இதுக்குப் பின்னால நாலு குட்டிச் சொரப்பி இருக்கு, அரிசி மணி மாதிரி. பேரு பாராதைராய்டு. ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்கிறது இதுங்க வேல. உனக்கு இதுல ஒண்ணுல கட்டி இருக்கணும். அது சும்மா இல்லாம எலும்புல இருக்குற கால்சியத்த உருவி ரத்தத்துல விடுது. எலும்பு மெலியும். கிட்னியில கல்லு சேரும். எலும்பு நோவும், தாகம் எடுக்கும், அசதி வரும், மறதி வரும், தூக்கம் கெடும், கோவம் வரும்.” சற்று நிறுத்திவிட்டு, “ஒங்க இரங்கலும் வரும்,” என்றார்.

தாப்பா வாசகருக்கு ஒரு விளக்கம்

இவ்விதழில் நான் எழுதிவரும் இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களை வாசித்தவர்கள் இப்போது என்னைச் சற்று மன்னிக்க வேண்டும்.

தகரக் கூரையில் பெய்யும் மழை பற்றி ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினேன். பேருந்து நிலையத்தில் யாருமற்ற நாற்காலிகள் பற்றி இன்னொன்று. ‘உங்கள் எழுத்தின் துயரம் என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது’ என்று தாப்பாவிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஐயா, அது கால்சியம்.

இதில் எனக்கு நேர்ந்த அவமானத்தை விளக்க வேண்டும். நான் அதிகம் பேசாதவள். பேசாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே ஏதோ ஆழமாக இருக்கிறது என்று பிறர் நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்துக்கொண்டேன். மாலையானால் ஜன்னலருகே உட்கார்ந்து, எதிரே எஞ்சியிருக்கும் நாலைந்து பால்மரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். எங்கள் தாமானே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். அந்த மரங்களைப் பற்றி, ‘கீறிய பட்டையில் வெண்ணிறமாய் அழும் மரங்கள்’ என்று ஒரு கவிதை எழுதி அம்மாவிடம் வாசித்தும் காட்டினேன்.

அம்மா அதே தோட்டத்தில் தம் பதின்வயதிலிருந்து பால் வெட்டியவர். தோட்டத்தை விற்றபின் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவர், இன்றும் போகிறார். அப்பா ஜொகூரில் லாரி ஓட்டுவதால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

“மரம் எங்கடி அழுவுது?” என்றார் அம்மா. “கொசுதான் கடிக்கும். கால்ல அட்ட ஏறும். நீ போயி அந்தத் துணிய மடி.”

அம்மாவுக்கும் உடம்பு நோகும். முழங்கால், மணிக்கட்டு, இடுப்பு. இரவில் உறக்கம் வராது. பகலில் கோபம் வரும். அதைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. அதை அவரிடம் வாசிக்கவில்லை.

முருகனுக்கும் கால்சியம்

நோய் தெரியுமுன் எனக்கு வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. ராணி சித்தி, அம்மாவின் தங்கை, வீடு வீடாகச் சத்துமாவு விற்பவர். எனக்கு எலும்பு நோகிறது என்று கேட்ட அன்றே நீல டப்பாவோடு வந்துவிட்டார்.

“சுத்தக் கால்சியம் லா. ஒரு மாசம் குடி. குதிர மாதிரி ஓடுவ.”

காலையிலும் மாலையிலும் குடித்தேன். கால்சியம் மிகுந்து துவண்டுகொண்டிருந்தவளுக்குக் கால்சியம். போதாததற்கு அம்மா நெத்திலிச் சாறு வைத்தார். குடும்பமே அன்போடு ஒன்றுகூடி எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது. நானோ ஒவ்வொரு மிடறையும் ‘வாழ்வின் சுவையின்மை’ என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

கல் வலியில் நான் துடித்த அன்று அம்மா முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நோயின் பெயர் தெரிந்தபின் இது குடும்பச் சிக்கலாயிற்று.

“அக்கா, டாக்டர் கால்சியம் கூடிப் போச்சுன்னு சொல்றாங்க. நீ பாலத் தூக்கிக்கிட்டுப் போவியா? பன்னீருக்கு மாத்திக்கோ லா,” என்றார் சித்தி.

“பால் சாமிக்குத்தானே ஊத்தப் போறேன்? இவ தலையிலயா ஊத்தப் போறேன்?”

“சாமிக்கே ஏறிடப் போவுது.”

“நீ மொதல்ல ஒன் டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

சித்தி டப்பாவை எடுத்துக்கொண்டார். மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்துக்கொண்டார்.

ஊசி முனையில் ஒரு மௌனம்

கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தபோது ஒன்றுக்கு இரண்டாகத் தென்பட்டன. இடப்பக்கம், தைராய்டுக்குப் பின்னால், ஒரு கறுத்த நிழல். அதைத்தான் தேடினார்கள். வலப்பக்கம், தைராய்டுக்குள்ளேயே, தேடாத ஒரு சிறு கட்டி.

“இது வேற கத,” என்றார் டாக்டர். “தைராய்டு கட்டி நெறைய பேருக்கு இருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா பாத்துடணும்.”

மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சியெடுத்தார். எச்சில் விழுங்காமல் அசையாமல் கிடந்தேன். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். இத்தனை காலம் மரணம், இழப்பு, நிலையாமை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவள், மெய்யாகவே புற்றுநோயோ என்ற அச்சம் வந்தபோது ஒரு வரிகூட எழுதவில்லை. கைப்பேசியில் யாரோ ஒருவர் ரொட்டி சானாய் வீசுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாவு காற்றில் விரிவதைப் பார்க்கும்போது மட்டும் மூச்சு சீராக இருந்தது. என் இரங்கல் இந்த இடத்தில் எனக்கு எந்த உதவிக்கும் வரவில்லை. அது நல்ல வானிலைக்கான குடை போலிருக்கிறது.

தைராய்டுக் கட்டி தீங்கற்றது என்று முடிவு வந்தது. ஆண்டுக்கொருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். பின்னாலிருந்த நிழலை உறுதிசெய்ய நரம்பில் ஒரு கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுத்தார்கள். திரையில் என் கழுத்து இருண்டிருக்க, இடப்பக்கம் கீழே ஒரு புள்ளி மட்டும் மினுங்கியது. அதுதான் என் இலக்கிய ஆளுமை.

அறுத்தெடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் கேட்ட கேள்வியை இன்றும் அவர் தம் மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

“ஆய்வேட்டை முடிக்கும்வரை தள்ளிப்போட முடியுமா, டாக்டர்? இதை எடுத்தால் அந்த மனநிலை போய்விடுமா?”

“உறுதியா சொல்ல முடியாதும்மா. நெறைய பேருக்கு மனசு லேசாவுது.”

“லேசாகாமல் செய்ய வழியுண்டா?”

அவர் முன்பே எடுத்திருந்த எலும்படர்த்திப் படத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். “பேரப் பாக்காம இந்தப் படத்த மட்டும் பாத்திருந்தா, இது ஒன்னோட எலும்புன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒங்கம்மாவோடதுன்னு சொல்லியிருப்பேன்.”

“என்னோடது எப்படிக் கெடக்கோ,” என்றார் அம்மா, யாரிடமும் சொல்லாதவர்போல.

நான் கையெழுத்திட்டேன். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், அரிதாகக் குரல் கம்மக்கூடும் என்றும் டாக்டர் எச்சரித்தார்.

“இவ பேசுறதே இல்ல டாக்டர்,” என்றார் அம்மா. “கொரலு போனாலும் எங்களுக்குத் தெரியவே நாளாவும்.”

அவரைக்கொட்டை

அறுவைக்கு முன் தள்ளுவண்டியில் நான் கிடந்தபோது அம்மா சுவரிலிருந்த கையுறைப் பெட்டியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “எங்க கம்பெனி இல்ல,” என்று உதட்டைப் பிதுக்கினார். அதுவே அவர் எனக்குச் சொன்ன ஆறுதல்.

கழுத்தின் இயல்பான மடிப்பிலேயே கீறினார்கள். கட்டியை எடுத்தபின் நான் மயக்கத்தில் இருக்கும்போதே இரத்தத்தில் ஹார்மோனைச் சோதித்தார்களாம். அது சரசரவென்று இறங்கியதைப் பார்த்தபின்தான் தைத்தார்கள். எடுத்த கட்டியும் தீங்கற்றதுதான் என்று பின்னர் ஆய்வகம் சொன்னது.

“அவரைக்கொட்ட அளவுதான்,” என்றார் டாக்டர். “ஏதாவது பேசு, கொரலப் பாப்போம்.”

இத்தருணத்துக்காக ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தேன். வாய் திறந்தபோது, “அந்தக் காயா ரொட்டி இருக்கா?” என்று கேட்டேன். குரல் நன்றாக இருந்தது. அது என் குரல்தானா என்பதில்தான் எனக்கு ஐயம்.

மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்ந்தது. பட்டினி கிடந்த எலும்புகள் இப்போது கால்சியத்தை வாரியிழுத்துக்கொள்கின்றன, இரத்தத்தில் குறைந்துவிட்டது, மாத்திரை வேண்டும் என்றார்கள். சுண்ணக்கட்டி அளவுக் கால்சிய மாத்திரைகள்.

வாசலில் ராணி சித்தி நின்றிருந்தார். கையில் நீல டப்பா. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார்.

கனமில்லாத பக்கங்கள்

அதன்பின் நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பசித்தது. உறங்கினேன். மாலையில் ஜன்னலருகே உட்கார்ந்தால் பால்மரங்கள் வெறும் மரங்களாக நின்றன. என் பழைய கவிதைகளை எடுத்து வாசித்தேன். ‘நாற்காலிகளின் விதவைக்கோலம்’ என்ற வரியில் சிரித்ததில் தையல் இழுத்தது. இவ்விதழின் ஆசிரியர், நான் அனுப்பிய புதிய அத்தியாயத்தில் பழைய கனம் இல்லையே என்று பண்போடு கேட்டார். எடுத்துவிட்டார்கள் ஐயா என்று எழுத விரல் வரவில்லை.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளே அச்சமாகத்தான் இருந்தது. என் எழுத்து என்பது ஓர் அவரைக்கொட்டை மட்டுமே என்றால், மீதியிருக்கும் நான் யார்? துணி மடிப்பவளா?

தையல் பார்க்கப் போன நாளில் டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “இவ்வளவு சின்ன வயசுல வந்திருக்கு. சில குடும்பத்துல இது சேந்து வரும். ஒங்களுக்கும் ரத்தம் பாத்துடலாமா?”

“எனக்கென்ன டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அந்தக் கணத்தில் எனக்குள் எல்லாம் ஒன்றுகூடின. முழங்கால் நோவு. மணிக்கட்டு. இடுப்பு. உறங்காத இரவுகள். அடுப்பில் வைத்ததை மறப்பது. சிறு காரணத்துக்கும் சீறுவது. ‘என்னோடது எப்படிக் கெடக்கோ.’ அத்தனையும் வண்ணத்துப்பூச்சி வரைந்த அன்று டாக்டர் அடுக்கிய அறிகுறிகள். தோட்டத்தின் வரலாறு என்று நான் கவிதை எழுதிய வலி முழுவதும் ஓர் அரிசி மணியின் வேலையாக இருக்கலாம். மடிப்பில் ஒரு கீறல், ஓர் அவரைக்கொட்டை. அதன்பின் அம்மா உறங்குவார், பசிக்கும், பழைய கோபத்தை நினைத்துச் சிரிப்பார்.

“இரத்தம் கொடுங்கள், அம்மா,” என்றேன். என் குரல் அந்த அறையில் அவ்வளவு உயர்ந்து ஒலித்ததில்லை. அம்மா சட்டைக் கையைச் சுருட்டினார்.

ஒருவருக்குக் கட்டி இருக்க வேண்டுமென்று நான் அதற்குமுன் வேண்டிக்கொண்டதில்லை. முடிவு வரும்வரை, முருகனிடம் அதையே வேண்டினேன். பால்குடத்தை நானே எடுப்பதாகவும் சொன்னேன்.

“ஒண்ணும் இல்லையே”

“கால்சியம் அருமையா இருக்கு,” என்றார் டாக்டர் பிலோமினா. “ஹார்மோனும் சரி. ஒண்ணுமே இல்ல.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான்தான் சொன்னேனே.”

“அப்படியானால் அந்த முழங்கால் வலி?” என்றேன்.

“தேஞ்சிருக்கும்மா. சின்ன வயசுலேர்ந்து மேட்டுலயும் பள்ளத்துலயும் வேல செஞ்ச ஒடம்பு. முட்டி டாக்டருக்கு எழுதித் தாரேன். பயிற்சி சொல்லுவாங்க.”

“உறக்கமின்மை?”

“ஷிப்டு வாரா வாரம் மாறினா எவளுக்குடி தூக்கம் வரும்?” என்றார் அம்மா.

“கோபம்?”

“அது ஒன்ன வளத்ததுல வந்தது.”

டாக்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் மதிய வெயில் தாரிலிருந்து எழும்பியது. சுண்ணாம்புக் குன்றுகள் தூரத்தில் வெளுத்து நின்றன. அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து, சரிவில் சற்று நின்று, மறுபடி ஊன்றி. ஒண்ணுமே இல்லை என்ற மகிழ்ச்சியில் கடையில் பால் சேர்க்காத தேநீர், தே ஓ, பையில் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கும் ஒன்று. நான் அந்த நடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்துப்போட அதில் ஒரு கொட்டையும் இல்லை.

அழுதேன். கருத்தரங்கில் அழுததுபோல் அழகாக அல்ல. மூக்கு ஒழுக, விக்கல் வர, கைக்குட்டை இல்லாமல்.

அம்மா பதறி அருகே வந்தார். தே ஓ பைகளை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, டாக்டர் செய்ததுபோலவே இரண்டு விரல்களை என் தழும்பின் இருபுறமும் வைத்து அழுத்தினார். கையுறை பிரித்துப் பிரித்துக் காய்த்த விரல்கள். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். இன்னொருமுறை இடப்பக்கம்.

“என்னடி, இங்க ஒண்ணும் இல்லையே லா,” என்றார். “அப்புறம் எதுக்கு அழுவுற?”